காவு விளக்கை ஏற்றியவள் அப்பாவுக்கு எழுதுவது

அப்பா,

நீங்கள் இதைப் படிக்கும்போது நான் அயல்வீட்டு ஸ்டெல்லா சித்தியோடு நெய்யாற்றின்கரை பஸ்ஸில் இருப்பேன். நம் நாகக்காவுத் தோப்புக்குப் பின்னால் மரச்சீனிக் கிழங்குக்கு நடுவில் நீங்கள் வளர்ப்பது கஞ்சா என்று எக்சைஸ் ஆபீசில் சொல்லப் போகிறோம். அவசரமானதை முதலில் எழுதிவிடுகிறேன். அந்த இடத்தைச் சுற்றி நீங்கள் இழுத்து வைத்திருக்கும் கம்பியில் கரண்டை நிறுத்துங்கள். இன்று நம் நிலத்துக்கு ஆட்கள் வருவார்கள். கம்பி எங்கே தொடங்கி எந்தப் புதருக்குள் போகிறது என்று உங்களுக்கும் சசி மாமனுக்கும் மட்டும்தான் தெரியும். யாரும் அதில் பட்டுச் சாகக்கூடாது. எழுந்து போய் இதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

பிள்ளைகள் கல்யாணமாகிப் போகும்போதும் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போதும் அப்பாமார்தான் புத்தி சொல்லி எழுதுவார்கள். நம் வீட்டில் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிற நான் உங்களுக்கு எழுத வேண்டியதாகிவிட்டது. கெமிஸ்ட்ரி ரெக்கார்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து, போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அடுத்த அறையில் நீங்கள் இருமும்போதெல்லாம் டார்ச்சை அணைத்துவிடுகிறேன். சில வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடப்பது அதனால்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. அதைவிட அதிகமாக அருவருப்பாக இருக்கிறது. தமிழில் எழுதுவதற்குக் காரணம், சசி மாமனுக்கு மலையாளம் மட்டுமே வாசிக்கத் தெரியும். நீங்கள் களியக்காவிளையில் தமிழில் படித்தவர். எனக்கு அ, ஆ எழுதிக் காட்டியதும் நீங்கள்தான். கடிதத்தை ஒட்டப் போவதில்லை. ஸ்டெல்லா சித்தியிடம் இதன் நகல் ஒன்று இருக்கும். அதிகாரிகள் கேட்டால் நானே வாசித்துச் சொல்வேன், அம்மையும் வாசிக்கட்டும்.

நீங்கள் எப்போதும் இப்படி இருந்தவர் இல்லை. நான் நாலாம் வகுப்பில் படிக்கும்போது கள்ளிக்காட்டுப் பக்கம் ஒருவர் பன்றிக்கு வைத்த கரண்டுக் கம்பியில் பட்டு இறந்துபோனார். மரச்சீனி பிடுங்கப் போன மனிதர். நீங்கள் சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்து, குளித்த பிறகும் சாப்பிட உட்காரவில்லை. "மனுசன் செய்யுத காரியமா இது? பன்னி தின்னுத கிழங்குக்கு மனுசனக் கொல்லுததா?" என்று அம்மையிடம் கத்தினீர்கள். நமக்கும் பன்றித் தொல்லை இருந்தது. அந்த வருஷம் நீங்கள் பழைய மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி நடந்தீர்கள். நானும் கூட வந்து ஒரு தட்டைத் தட்டினேன். "மக்கா, உனக்க சத்தத்துக்குப் பன்னி ஓடாது, நாந்தான் ஓடணும்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். பன்றி முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. மிஞ்சியதைப் பாறசாலைச் சந்தைக்குக் கொண்டுபோனோம். அந்த வருஷம் நாம் யாருடைய கண்ணையும் பார்க்கப் பயப்படவில்லை.

சசி மாமன் வந்தது போன வருஷத்துக்கு முந்தின மழைக்குப் பிறகு. அவர் நமக்கு மாமன் முறை இல்லை. "மாமான்னு விளி மக்கா" என்று அவரே சொன்னார், நீங்களும் தலையாட்டினீர்கள். பன்றி கிளறிப் போட்ட சேனைக் குழிகளைப் பார்த்துக்கொண்டு, "எலே, நீ பன்னிக்கு சோறு போடுதியா, இல்ல உனக்க பிள்ளைக்குப் போடுதியா?" என்று உங்களைக் கேட்டார். அம்மை கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தாள். நீங்கள் மண்வெட்டியின் பிடியைச் சுரண்டிக்கொண்டிருந்தீர்கள். அந்தக் கேள்வி உங்களைக் குத்தியது எனக்கும் தெரிந்தது. அதற்குப் பதிலாக அவரை வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டும். நாம் பட்டினி கிடக்கவில்லை அப்பா. அம்மைக்குக் கால் வலி இருந்தது, ஓட்டில் ஒழுகல் இருந்தது, அவ்வளவுதான். இங்கே எல்லா வீட்டிலும் இருப்பது.

ஒரு மாதம் கழித்து நீங்கள் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னீர்கள். குடும்பத்தில் சர்ப்ப தோஷம் இருக்கிறதாம். காவில் நாகக்கல்லுக்கு முன்னால் தினமும் அந்தி நேரத்தில் விளக்கு வைக்க வேண்டுமாம், அதுவும் கன்னிப்பெண் வைத்தால் நல்லதாம். நிலத்தின் மூலையில் இருக்கும் அந்த இருட்டுக் காவில் யாரும் விளக்கு வைத்து நான் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஆயில்யத்துக்கு மஞ்சள்பொடியும் பாலும் வைப்போம், அதற்குமேல் அந்தப் பக்கம் போகமாட்டோம். கோயிலுக்கு வெளியே செருப்பைக் காத்துக்கொண்டு நிற்கிற அப்பாவுக்குப் பக்தி வந்துவிட்டதே என்று அம்மை சந்தோஷப்பட்டாள். அவளைவிட எனக்குத்தான் அதிகச் சந்தோஷம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, குளித்து, நல்லெண்ணெயும் திரியும் எடுத்துக்கொண்டு ஒருநாள் விடாமல் போனேன். காற்றில் அணைந்தால் மறுபடியும் ஏற்றினேன். மழையில் ஒரு கையால் குடையும் ஒரு கையால் தீப்பெட்டியுமாக நின்றிருக்கிறேன். அம்மையின் கால் சரியாக வேண்டும், எனக்குக் கணக்கு வர வேண்டும், அப்பாவுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று மூன்று வேண்டுதல். கடைசி வேண்டுதலைத்தான் முதலில் சொல்வேன்.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு கதை கிளம்பியது. நம் காவில் யட்சி எழுந்திருக்கிறாள், பின்பக்கக் குறுக்குவழியில் அந்திக்குப் போன ஒருவன் ரத்தம் கக்கினான் என்று. யார் அவன் என்று யாருக்கும் தெரியாது. ஒரு மரத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. ரப்பர் வெட்டப் போகிறவர்கள்கூட அந்தக் குறுக்குவழியை விட்டுவிட்டு ரோட்டைச் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். சர்ச்சுக்குப் போகிறவர்களும் அப்படித்தான். "உங்களுக்கு எதுக்கு சித்தி பயம், உங்களுக்குக் கர்த்தர் உண்டே" என்று ஸ்டெல்லா சித்தியைக் கேலி செய்தேன். "கர்த்தர் உண்டு மோளே. பாம்புக்கு அது தெரியாதே" என்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தக் கதையைச் சந்தையில் கொண்டுபோய் விட்டது நீங்கள் இருவரும்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. பன்றிக்காக என்று கம்பி வந்தது. திருட்டுக்காக என்று இரண்டு நாய்கள் வந்தன. அவற்றைக் காவுக்குப் பின்னால் குட்டைச் சங்கிலியில் கட்டிப் போட்டீர்கள். ஒருவேளை சோறு, அதுவும் சசி மாமன் கையால் மட்டும். மற்ற எல்லாரையும் கடிக்க வேண்டும் என்பதற்காக அவற்றைப் பசியில் வைத்திருந்தீர்கள். நான் மீன்தலை கொண்டுபோனபோது, "போவாண்டாம், அதுக கெட்டுப்போவும்" என்று என் கையிலிருந்து பிடுங்கித் தூர எறிந்தீர்கள். ஒரு பிராணி அன்பு காட்டினால் கெட்டுப்போகும் என்று நீங்கள் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். அம்மை தன் தங்கையின் பிரசவத்துக்குக் காஞ்சிரங்குளம் போயிருந்தாள். நீங்கள் சந்தைக்குப் போயிருந்தீர்கள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்தே வீட்டுக்குத் தூரமாகிவிட்டது, தேதிக்கு முன்பே. ஏழு நாள் காவுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். அம்மை இருந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருப்பாள். நான் எப்படிச் சொல்வேன்? பஸ் இறங்கும்போது ஸ்டெல்லா சித்தியைப் பார்த்தேன், அவளிடம் மட்டும் சொன்னேன். "நீ ஒத்தைக்கு ஒண்ணும் வைக்காண்டாம், நான் கஞ்சி கொண்டு வாறேன்" என்றாள். அன்று அந்திக்குக் காவில் விளக்கு எரியவில்லை. ஸ்டெல்லா சித்தி ஒரு கையில் கஞ்சித் தூக்கும் மறு கையில் தேங்காய்ச் சம்மந்தித் துவையலுமாக, நான் தனியாக இருக்கிறேனே என்ற அவசரத்தில், யட்சியையும் மறந்து பின்பக்கக் குறுக்குவழியாக வந்தாள். நாய்கள் இரண்டும் அவிழ்ந்து கிடந்தன. அவள் அலறியது கேட்டு நான் ஓடியபோது ஒரு நாய் அவளுடைய வலது கையைக் கவ்விக்கொண்டு விடாமல் உதறிக்கொண்டிருந்தது. இன்னொன்று கெண்டைக்காலில். நான் விறகுக்கட்டையால் அடித்தேன். தூரத்திலிருந்து யாரோ விசிலடித்த பிறகுதான் அவை விட்டன. கஞ்சி முழுவதும் வழியில் கொட்டிக் கிடந்தது. விசிலடித்தவர் வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் சசி மாமன் வந்து உங்களைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். நான் குளியல் மறைப்புக்குப் பின்னால் துணி நனைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் இருவருக்கும் அது தெரியாது.

"எலே, வெளக்கு எங்கலே நேற்று? ரெண்டு பேரு சரக்கெடுக்க வந்து ரோட்டுல நிக்கியான். வெளக்கு இல்லேன்னா ஆளு உண்டுன்னு அர்த்தம். நான் பின்ன நாய அவுத்து விடாம என்ன செய்ய?"

"பிள்ளைக்கு தூரமாக்கும். எனக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியாதுன்னா? போனுல ஒண்ணும் பேசப்படாதுன்னுதானே இந்த ஏற்பாடு. நீ போயி வெளக்கு வச்சா நாலு பேரு கேப்பான். பொம்பளப் பிள்ளை வச்சா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"இனி பாத்துக்கிடலாம்."

"பாத்துக்கிட்டா போராது. எந்தெந்தத் தேதின்னு முன்கூட்டி சொல்லித் தா. அந்த நாளுல வண்டி வராண்டாம்னு சொல்லிப்போடலாம்."

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன் அப்பா. கையில் ஈரத் துணியோடு அசையாமல் நின்றிருந்தேன். அவரை ஓங்கி அறைவீர்கள் என்றுகூட நினைத்தேன். "அவளுக்க அம்மைட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றீர்கள்.

அன்று மதியம் தூரத்தோடேயே காவுக்குள் போனேன். பாம்பு வந்தால் வரட்டும் என்று போனேன். ஒன்றும் வரவில்லை. தினமும் நான் விளக்கு வைக்கிற இடத்தில் குனிந்து பார்த்தேன். எதிரே இருந்த கிளைகளை யாரோ அளந்து வெட்டியிருந்தார்கள். அந்த இடைவெளி வழியாகக் கீழே பாறைமடை ரோடு நேராகத் தெரிந்தது. காவில் ஒரு சுள்ளிகூட ஒடிக்கக்கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தது நீங்கள். அந்தக் கையால்தானே வெட்டினீர்கள்? ஒன்றரை வருஷமாக நான் நாகத்துக்கு விளக்கு வைக்கவில்லை. ரோட்டில் நிற்கிற வண்டிக்காரர்களுக்கு, வாருங்கள், யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். காவைத் தாண்டி மரச்சீனிக்கு நடுவில் அந்தச் செடிகளையும் பார்த்தேன். என் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. உங்கள் சட்டையில் கொஞ்ச நாளாக வருகிற அந்த நாற்றம் அங்கே காற்று முழுவதும் நிறைந்திருந்தது. கம்பியைப் பார்த்தேன், ஆனால் அது எங்கே போகிறது என்று தெரியவில்லை. பச்சை நிறம் பூசியிருந்ததால் இரண்டடிக்கு மேல் கண்ணுக்கே படவில்லை. பன்றியின் கண்ணுக்கு மறைக்கவா பெயிண்ட் அடித்தீர்கள்?

உங்கள் குற்றத்தை மட்டும் எழுதினால் நான் யோக்கியமாகிவிடமாட்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைத்தான் கேட்டார். "நாய்க்குக் கழுத்தில பெல்ட் இருந்ததா மோளே?" நீங்கள் எனக்குப் பின்னால் நின்றிருந்தீர்கள். "இல்ல, தெருநாயாக்கும்" என்றேன். பஞ்சாயத்து மெம்பர் வந்து கேட்டபோதும் அதையே சொன்னேன். நீங்கள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து ஸ்டெல்லா சித்தியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தத் தெருநாய் சல்லியம் தாங்க முடியல்ல" என்றீர்கள். அவளுக்கு ஒன்றைத் துண்டு போட்டும் கொடுத்தீர்கள். எப்படி முடிந்தது அப்பா? ஊர்க்காரர்கள் நான் சொன்னதை நம்பினார்கள். ஒரு வாரத்துக்குள் ஜங்ஷனில் இருந்த தெருநாய்களுக்கு யாரோ விஷம் வைத்தார்கள். பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்தில் வந்து உட்காருகிற தவிட்டு நிறப் பெட்டை, கடை வாசலில் வாயில் நுரையோடு கிடந்தது. அதன் குட்டிகள் அப்போதும் பால் தேடிக்கொண்டிருந்தன. நம் நாய்கள் இரண்டும் காவுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன.

ஏழு நாள் முடிந்து நான் மறுபடியும் விளக்கு வைத்தேன். ஆம், எல்லாம் தெரிந்த பிறகும் வைத்தேன். விளக்கில்லாவிட்டால் நாயை அவிழ்ப்பார்கள், இன்னொருத்தியைக் கடிக்கும் என்ற பயம். மறுநாள் ஜங்ஷனில் பைக்கில் இருந்த ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சசி மாமனோடு ஒருமுறை வந்தவன். "லீவு முடிஞ்சாச்சா?" என்று கேட்டான். எனக்கு முதலில் விளங்கவில்லை. பள்ளிக்கூட லீவைக் கேட்கிறான் என்று நினைத்து, "லீவு இல்லையே" என்றேன். அவன் கூட நின்றவனைப் பார்த்துக் கண்ணடித்தான். அப்போதுதான் விளங்கியது. உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்த ஒன்றை, ரோட்டில் நிற்கிறவன் தெரிந்து வைத்திருக்கிறான். நீங்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். அம்மையிடம் போனில், காவு விளக்குக்காகத்தான் கேட்கிறேன் என்று தேதி கேட்டு வாங்கி, கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறீர்கள். அன்றிலிருந்து உங்கள் கை பட்ட சோறு எனக்கு இறங்கவில்லை. வயிற்று வலி என்று சொன்னதெல்லாம் பொய். நீங்கள் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய் உடைத்து, பக்கத்தில் வைத்துவிட்டு "தின்னு மக்கா" என்று சொல்லும்போது அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். கஷ்டப்படுகிறவர்கள் தப்பு செய்வார்கள், எனக்குப் புரியும். பிள்ளையைக் காவலுக்கு நிறுத்துவது கஷ்டத்தில் செய்த தப்பு இல்லை. அதை யோசித்துத்தான் செய்ய முடியும்.

நேற்று சாயங்காலம் ஸ்டெல்லா சித்தியின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. ரப்பர் வெட்டுகிற கத்தியை இடது கையில் பிடித்து, வாழைத்தண்டில் கீறிப் பழகிக்கொண்டிருந்தாள். கீறல் கோணலாகப் போய்க்கொண்டிருந்தது. "இடத்தேக் கை இஸ்கூலுக்குப் போவாத பிள்ளை மாதிரில்லா, சொன்னாக் கேக்காது" என்று சிரித்தாள். நான் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மோளே. சங்கிலி இழுபடுத சத்தம் கேட்டேன். தெருநாய்க்கு யாரு சங்கிலி வாங்கிப் போட்டா?"

"பின்ன ஏன் சித்தி சொல்லல்ல?"

"நர்ஸுகிட்ட சொல்லும்போ நீ பின்னால நின்ன அப்பனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தே. நான் ஒண்ணு சொன்னா உனக்க அப்பன் பிடிபடுவான், சரி. மத்தவனுவ உன்னை என்ன செய்வானுவன்னு யாரு கண்டா? அம்மையும் வீட்டுல இல்ல. கை போனது போச்சு."

அந்தக் கையோடு, அந்தக் கையைக் கடித்த நாயை வளர்த்த வீட்டுப் பிள்ளைக்காக அவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். என்னைப் பெற்ற நீங்கள் என் தேதியைக் கொடுத்தீர்கள். இதற்குமேல் நான் யோசிக்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. "நாளைக்கு என்கூட வருவீங்களா?" என்று கேட்டேன். "சர்ச்சுக்கு உடுக்குத வெள்ளத் துணி துவைச்சுப் போட்டிருக்கேன். வாறேன்" என்றாள்.

நான் உங்களுக்குச் சொல்லக்கூடிய புத்தி கொஞ்சம்தான். சசி மாமனுக்குப் போன் செய்யாதீர்கள். அவர் உங்களைக் காப்பாற்றமாட்டார், உங்கள் நிலம், உங்கள் செடி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், அம்மையின் மருந்துக்காக என்றும் பிள்ளை படிப்புக்காக என்றும் என் பெயரை இழுக்காதீர்கள். அந்த நாய்களுக்குச் சோறு போடுங்கள். நான் ஆபீசிலிருந்து அம்மைக்குப் போன் செய்வேன், எல்லாம் முடிந்த பிறகு காஞ்சிரங்குளத்துக்குப் போய்விடுவேன். நீங்கள் ஓடிப்போக நினைத்தால் இப்போதே போகலாம், உங்களுக்கு நேரம் தருவதற்காகத்தான் பகல் பஸ்ஸில் போகிறோம். நான் அதற்குத் தடையில்லை. ஆனால் கரண்டை நிறுத்தாமல் போகாதீர்கள்.

வருகிற அதிகாரிகள் யாரென்று உங்களுக்குத் தெரியாது. தெரியாதவன் செத்தால் உங்களுக்கு இப்போது ஒன்றும் ஆகாது என்று நான் கண்டுகொண்டேன். அதனால் இதையும் எழுதுகிறேன். காவுக்குப் பின்னால் போகிற வழி அவர்களுக்குத் தெரியாது. நான்தான் காட்டுவதாகச் சொல்லப் போகிறேன். வேண்டாம் என்பார்கள், ஸ்டெல்லா சித்தியும் திட்டுவாள். ஆனாலும் முன்னால் நடக்கப் போவது நான்தான். கம்பியை நிறுத்தினீர்களா என்று போன் செய்து கேட்கமாட்டேன். நடந்துதான் பார்ப்பேன்.

உங்கள் மகள்